பன்னிரண்டு வோல்ட் கணக்கு

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்ட இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு தாரிணி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பியது. படகில் இருந்தவர்கள் இருவர்தான்: லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. ரூபா புதுச்சேரிக்காரர். எட்டு மாதம், 25,000 கடல் மைலுக்கு மேல், காற்றை நம்பி ஓடிய ஓட்டம் அது. ஜனவரி மாதக் கடைசியில் பசிபிக் பெருங்கடலில் நீமோ புள்ளி என்று அழைக்கப்படும் இடத்தைத் தாரிணி கடந்தது. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் மிக அருகிலுள்ள நிலம் 2,688 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது. கோவாவின் அக்வேரியஸ் படகுத்துறையில் கட்டப்பட்டு 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்த இந்தப் படகின் நீளம் 56 அடி. அதில் வழிகாட்டும் கருவிகளும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளும் உண்டு. இப்படிப்பட்ட படகுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் திரையையும் செயற்கைக்கோளையுமே பேசுகிறார்கள். படகின் உட்சுவருக்குப் பின்னால் ஓடும் செம்புக் கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் சொல்ல வருவது அந்தக் கம்பியைப் பற்றித்தான். கருவி தொழிற்சாலையில் இறுக அடைக்கப்பட்டு, தண்ணீரில் முக்கிச் சோதிக்கப்பட்டு வருகிறது. கம்பி இழுப்பதும் முனை கட்டுவதும் படகில், வளைந்த இடுக்குகளில், ஒருவருடைய கையால் நடக்கிறது. கருவியின் தரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது அந்தக் கைவேலைதான். அதற்கான காரணங்கள் எல்லாமே பள்ளிக்கூட இயற்பியலுக்குள் அடங்குபவை.

கடற்கரையே இல்லாத கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மணலூர்பேட்டைக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஆறு அங்கேயே நின்றுவிடுவதில்லை. திருக்கோவிலூரைத் தாண்டி, கடலூருக்கு அருகே தாழங்குடா பக்கம் கடலில் கலக்கிறது. அந்தக் கரையின் ஃபைபர் படகுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இன்னொரு தொடர்பும் இருக்கிறது. மணலூர்பேட்டையின் டிராக்டரில் ஓடுவதும், கல்வராயன் மலை வீட்டில் சூரியத் தகட்டோடு இணைந்த சிறு விளக்கில் ஓடுவதும் படகில் ஓடும் அதே 12 வோல்ட் நேர்மின்சாரம்தான். வீட்டு ஒயரிங் நன்றாகத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் 12 வோல்ட்டில் தடுமாறுவதைப் புரிந்துகொண்டால் படகின் சிக்கலில் பாதி புரிந்துவிடும். 60 வாட் இழுக்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் 230 வோல்ட்டில் அது கால் ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். படகில் 12 வோல்ட்டில் அதே கருவிக்கு 5 ஆம்பியர் வேண்டும். விளக்குக்கு நாம் சாதாரணமாக இழுக்கும் ஒரு ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.0172 ஓம். பேட்டரியிலிருந்து கருவிக்கு 10 மீட்டர் என்றால், போய்த் திரும்ப 20 மீட்டர், மொத்தத் தடை 0.34 ஓம். வீட்டில் கால் ஆம்பியர் அதில் ஓடும்போது இழப்பது 0.09 வோல்ட். 230-ல் அது ஒரு பொருட்டே அல்ல. படகில் 5 ஆம்பியர் ஓடும்போது இழப்பது 1.7 வோல்ட். 12-ல் 1.7 என்றால் ஏழில் ஒரு பங்கு கம்பியிலேயே சூடாகிப் போய்விட்டது என்று பொருள். மணலூர்பேட்டைக்கு மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் எவ்வளவு நீர் நின்றாலும் கடைமடை வயலுக்கு என்ன வந்து சேருகிறது என்பதைக் கால்வாய்தான் முடிவு செய்கிறது. பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவே கம்பி அந்த வேலையைச் செய்கிறது. ஒரே வேறுபாடு, கால்வாயில் நீரே குறைகிறது, கம்பியில் மின்னோட்டம் குறைவதில்லை, அதைத் தள்ளும் அழுத்தம் குறைகிறது.

இந்த இழப்பின் ஆபத்து, கருவி முழு வீச்சில் ஓடாத நேரத்தில் அது தெரியாமல் இருப்பதுதான். படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். வானொலி செட் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. மைக்கை அழுத்தி 25 வாட்டில் பேசத் தொடங்கியதும் 5, 6 ஆம்பியர் இழுக்கிறது. மேலே சொன்ன ஒரு ஸ்கொயர் கம்பியில், கேட்கும்போது கருவிக்குக் கிடைப்பது பேட்டரியின் அழுத்தம் ஏறக்குறைய முழுவதும். பேசும்போது 12.4 வோல்ட் பேட்டரியிலிருந்து 10.7 வோல்ட்தான் போய்ச் சேருகிறது. பல செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கு 15 விழுக்காடு கூடக் குறைய என்ற எல்லைக்குள் வேலை செய்யும்படி வடிவமைக்கப்படுகின்றன. அதாவது 11.7-க்குக் கீழே உத்தரவாதம் இல்லை. ஆகவே மாதக்கணக்கில் மற்றவர் பேச்சைத் தெளிவாகக் கேட்ட செட், உதவி கேட்க மைக்கை அழுத்தும் அந்த நொடியில் வலுவிழக்கும் அல்லது அணைந்துபோகும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம், 12.6 காட்டியது என்று சொல்வதும் ஆறுதல் தராது. மீட்டர் கம்பியிலிருந்து கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை. பத்தொன்பது இழைகளில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு அழுத்தத்தையே காட்டும். சுமை ஓடும்போது அளந்த எண் மட்டுமே உண்மையான எண். அதனால்தான் படகுக் கம்பியிடலுக்கான அமெரிக்க நெறிமுறை, வழிகாட்டும் விளக்கு, வானொலி போன்ற உயிர்காக்கும் சுற்றுகளில் இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. சாதாரண விளக்கு, மின்விசிறிக்கு 10 விழுக்காடு வரை விடுகிறது. மேலே பார்த்த 10 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயர் கம்பி போட்டால் இழப்பு 0.29 வோல்ட். அது 3 விழுக்காட்டுக்குள் அடங்கும்.

இன்றைய கருவிகள் பல 9 வோல்ட்டிலிருந்து 32 வோல்ட் வரை எது கொடுத்தாலும் ஓடுகின்றனவே, பிறகு ஏன் இந்தக் கணக்கு என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான கேள்விதான். அப்படிப்பட்ட திரைகள் உள்ளே அழுத்தத்தை மாற்றிக்கொண்டு எப்போதும் ஒரே அளவு வாட் எடுக்கின்றன. அழுத்தம் குறைந்தால் வாட்டைக் காப்பாற்ற ஆம்பியரைக் கூட்டுகின்றன. ஆம்பியர் கூடினால் கம்பியில் இழப்பு இன்னும் கூடுகிறது. அந்த இழப்பு எல்லாம் வெப்பமாகத்தான் போகிறது, அதுவும் முனை தளர்ந்திருக்கும் இடத்தில் குவிந்து போகிறது. பரந்த அழுத்த எல்லை நோயின் அறிகுறியை மறைக்கிறது, நோயை நீக்குவதில்லை. பாய்மரப் படகில் இது இரட்டிப்பாக உறைக்கும். விசைப்படகில் எஞ்சின் ஓடும் வரை ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு அருகே கொடுத்துக்கொண்டே இருக்கும், பல குறைகளை அது மூடிவிடும். பாயில் ஓடும் படகில் எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கும். தானியங்கிச் சுக்கான் சராசரியாக 4 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 96 ஆம்பியர்-மணி அதற்கு மட்டும் போய்விடும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், அந்த ஒரு கருவிக்கே 200 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். அதில் ஏழில் ஒரு பங்கைக் கம்பி தின்றால், விடியற்காலையில் சுக்கான் நின்றுவிடும்.

இதுவரை சொன்னது புதுக் கம்பியின் கதை. கடலில் கம்பி புதிதாக நீடிப்பதில்லை. செம்பில் களிம்பு ஏறும் என்பது நம் வீட்டுப் பாத்திரங்களிலேயே தெரியும். உப்புக் காற்றில் அது பல மடங்கு விரைவாக நடக்கிறது. பல இழைகள் சேர்ந்த கம்பியின் வெட்டுவாயில் ஒரு துளி உப்பு நீர் பட்டால், இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியாக அது உள்ளே ஊறி ஏறும். பிளாஸ்டிக் உறை வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே செம்பு கருத்துப் பொடியாகும். ஒற்றைத் தடிமன் கம்பி போட்டால் ஊறாது. ஆனால் அலையின் ஓயாத ஆட்டத்தில் அது வளைந்து வளைந்து முறியும். ஆகவே மெல்லிய இழைகள் பல கொண்ட, ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயம் பூசப்பட்ட கம்பியே கடலுக்கு ஏற்றது. இரண்டு கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டில்கூடச் சரியல்ல, படகில் அது நோயைக் கேட்டு வாங்குவது. டேப்பின் பசை வெயிலில் இளகி, உள்ளே வந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈயப்பற்று வைத்தால் உறுதியாக இருக்குமே என்று அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக்குகள் சொல்வார்கள். மின்தொடர்பு என்ற அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் சிறிது தூரம் ஏறி அந்தப் பகுதியை விறைக்க வைக்கிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் அதிர்வு முழுவதும் சேருகிறது, அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கம்பி முனையில் மாட்டும் சரியான அளவு லக்கை அதற்குரிய இடுக்கியால் நசுக்கி, உள்ளே பசையுள்ள வெப்பச்சுருக்கக் குழாயை அதன் மேல் ஏற்றுவதே நீடிக்கும் முறை. கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் கையால் இழுத்தால் கழன்று வரும். இழுத்துப் பார்க்காமல் எந்த முனையையும் விடக் கூடாது.

களிம்பு காற்றால் மட்டும் வருவதில்லை. மின்சாரமே உலோகத்தைக் கரைக்கும். மைக்கேல் ஃபாரடே 1830களில் கண்டறிந்த மின்பகுப்பு விதிகள் இங்கே அப்படியே வேலை செய்கின்றன. படகின் அடியில் தேங்கும் உப்பு நீரை இறைக்கும் பம்பின் நேர்முனைக் கம்பி உரிந்து அந்த நீரில் கிடப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து நீர் வழியே கசியும் மின்னோட்டம், வழியில் கிடைக்கும் உலோகத்திலிருந்து, அது சுக்கானின் தண்டோ நீர்வழி வால்வோ, வெளியேறும் இடத்தில் அதை அரிக்கும். 1 ஆம்பியர் ஒரு மாதம் கசிந்தால் அது கரைக்கக்கூடிய செம்பு ஏறக்குறைய 850 கிராம். அரை அங்குல வால்வு ஒன்றைக் காகிதம்போல ஆக்க அது போதும். படகில் கசிவு வழக்கமாக இதைவிடச் சிறியது, ஆனால் அது இரவும் பகலும் ஓடும், யார் கண்ணிலும் படாது. ஒரே இணைப்பான் பெட்டியில் நேர்முனையின் திருகு பச்சைபிடித்துக் கரைந்திருக்க, பக்கத்தில் எதிர்முனை ஓரளவு நன்றாக இருப்பதற்கும் இதுவே காரணம். வீட்டு எலெக்ட்ரீஷியனின் பழக்கம் இந்த இடத்தில் நேரடியாகவே தீங்கு செய்யும். ஏதாவது உலோகத்தைத் தொட்டு எர்த் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் தரையில் பாதுகாப்பு. படகில் ஒவ்வொரு கருவியின் எதிர்முனையும் தனிக் கம்பியாகப் பொது எதிர்முனைப் பட்டைக்குத் திரும்ப வேண்டும். அருகிலிருக்கும் உலோகத்தில் முடித்துவிட்டால், திரும்பும் மின்னோட்டம் படகின் உலோகங்களையும் கடல்நீரையும் வழியாக எடுத்துக்கொள்ளும்.

12 வோல்ட் அடிக்காது, தொட்டாலும் ஒன்றும் ஆகாது, ஃபியூஸ் எதற்கு என்பது இன்னொரு பரவலான எண்ணம். மனித உடலைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. கம்பியைப் பொறுத்தவரை தவறு. படகின் பெரிய பேட்டரி ஒன்று குறுக்குச்சுற்று ஆகும்போது ஆயிரம் ஆம்பியருக்கு மேல்கூடக் கொட்டும். அதில் ஒரு ஸ்கொயர் கம்பி நொடிகளில் சிவந்து, தன் உறையையும் அருகிலுள்ள ஃபைபரையும் பற்றவைக்கும். நடுக்கடலில் தீ என்றால் ஓடிப்போக இடம் கிடையாது. ஃபியூஸ் கருவிக்குக் காவல் என்று நினைப்பதால் அதைக் கருவியின் பின்னால் வைக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது கம்பியைத்தான், ஆகவே அது பேட்டரிக்கு ஒட்டி, ஏழு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன அமெரிக்க நெறிமுறையின் பொது விதி. ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டுவதும் வெறுங்கம்பியைச் சுற்றுவதும், கம்பியையே ஃபியூஸாக்கும் வேலை.

பாய்மரம் இந்தக் கணக்கில் ஒரு வரமும் ஒரு செலவும் ஆகும். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. பூமியின் வளைவு மறைத்தால் நின்றுவிடுகிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அது எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஃபைபர் படகில் 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு 7 கிலோமீட்டர். இரண்டு ஃபைபர் படகுகள் 14 கிலோமீட்டருக்குள்தான் பேசிக்கொள்ள முடியும். தாரிணியின் பாய்மரம் 25 மீட்டர். அதன் உச்சிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். ஆனால் அந்த உச்சிக்கு 25 மீட்டர் கேபிள் ஏற வேண்டும், கீழே செட் வரை இன்னும் சில மீட்டர். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 30 மீட்டர் போனால் 25 வாட்டில் 6 வாட் அளவே ஆன்டெனாவைத் தொடும். தடித்த ஆர்ஜி-213 கேபிளில் பாதிக்குச் சற்று மேல் தொடும். தொடுவானம்தானே எல்லை, வாட் குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்துப் படகோடு பேசும் வரை அது சரிதான். தொடுவானத்தின் விளிம்பில், மழைக்காற்றில் ஆன்டெனா சாய்ந்தாடும்போது, அலை வலுவிழந்துதான் வந்து சேரும். கேபிள் தின்பது போகும் குரலை மட்டுமல்ல, வரும் குரலையும் சேர்த்துத்தான். உச்சியிலுள்ள இணைப்பானில் நீர் இறங்கினால், எந்தக் கேபிளானாலும் அதன் வலை போன்ற உறை ஈரத்தை மீட்டர் கணக்கில் கீழே கொண்டுபோகும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுவதும், கேபிளை உள்ளே நுழைக்குமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு நீர் அங்கேயே சொட்டிப்போகச் செய்வதும் சில நிமிட வேலைதான். தாழ்ந்த ஆன்டெனா கொண்ட ஃபைபர் படகுக்கு 5 மீட்டர் மெல்லிய கேபிள் போதும், இழப்பு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

நம் முன்னோர் இந்தக் கம்பிகள் எதுவும் இல்லாமல் கடல் ஓடினார்களே என்பது நெஞ்சிலிருந்து வரும் மறுப்பு, அதை நான் மதிக்கிறேன். வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்று சேர்ந்தது. செயற்கைக்கோள் ஒன்றுகூட அன்று வானில் இல்லை. ஆனால் அன்றைய கடலில் இரவில் வேகமாக வரும் பெரிய சரக்குக் கப்பல்கள் இத்தனை இல்லை. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் வரைந்த எல்லைக் கோடு இல்லை, அதைத் தெரியாமல் தாண்டினால் கைது என்ற நிலையும் இல்லை. அதைவிட முக்கியமான பதில் இயற்பியலில் இருக்கிறது. மின்கருவி வேண்டாம், காந்த ஊசி போதும் என்று ஒருவர் முடிவெடுத்தாலும், படகில் ஒரே ஒரு விளக்கோ பம்போ இருந்தால் அந்த ஊசியும் கம்பியின் தயவில் வந்துவிடுகிறது. 5 ஆம்பியர் ஓடும் தனிக் கம்பி 10 சென்டிமீட்டர் தூரத்தில் உண்டாக்கும் காந்தப்புலம் 10 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் ஊசியைத் திருப்பும் பூமியின் கிடைப்புலம் ஏறக்குறைய 40. ஆகவே அந்தக் கம்பியால் ஊசி 14 பாகை வரை விலகலாம். 10 கடல் மைல் ஓடினால் இரண்டரை மைல் பிசகு. பம்பு நின்றதும் ஊசி பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பதால் பிழை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. மருந்து மிக எளியது: போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை பல படகுகளில் செய்யப்படாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மின்காந்தத் தொல்லைக்கு இன்னொரு முகமும் உண்டு. மலிவான எல்.இ.டி. விளக்குகளின் உள்ளே அழுத்தத்தை மாற்றும் சுற்று நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது. 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றித் தனியே எச்சரிக்கை வெளியிட்டது. சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். யாரும் பேசாத ஒரு சேனலில் இரைச்சல் அடங்கும் வரை ஸ்குவெல்ச் திருகியை வைத்துவிட்டு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் விளக்கு குற்றவாளி. கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் பொதுக் கம்பியிலும் இதுபோல எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தக் கம்பியின் இரு நுனியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் குறிப்பலைகள் நுனியில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று குழம்பும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு தகவல் கம்பிகளுக்கு இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு நுனி விடுபட்டிருக்கிறது, 40 காட்டினால் ஒன்று கூடுதலாகப் புகுந்திருக்கிறது.

கடைசி மறுப்பு கனமானது. ஆபத்தில் கைகொடுப்பவை சொந்த பேட்டரியோடு வரும் தனிக் கருவிகள்தானே, படகின் கம்பியை நம்ப வேண்டியதில்லையே என்பது அது. 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் துரியா படகு புயலில் உருண்டு, பாய்மரம் முறிந்து, அவர் முதுகெலும்பில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். தன் நிலையை அவர் செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தியாக அனுப்பினார். இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டுபிடித்தது, 24 அன்று பிரான்சின் ஒசிரிஸ் என்ற கப்பல் அவரை மீட்டது. பாய்மரம் போனால் அதன் உச்சியிலுள்ள ஆன்டெனாவும் போகும் என்பதை இது மறக்க முடியாதபடி காட்டுகிறது. அதனால் தனிக் கருவி கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடும் ஆபத்துக் கருவி தன் பேட்டரியில் 48 மணி நேரம் ஓட வேண்டும் என்பது விதி. ஆனால் அது விபத்து நடந்த பிறகு கூப்பிடும் கருவி. எதிரே வரும் கப்பலை முன்கூட்டியே காட்டுவதும், வானிலை எச்சரிக்கையைப் புயலுக்கு முன்பே கேட்க வைப்பதும், இரவெல்லாம் வழிவிளக்கை எரிய வைப்பதும் படகின் கம்பிதான். கையடக்க வி.எச்.எஃப்.கூட 5 வாட்தான் கொடுக்கிறது, அதற்கும் சார்ஜ் படகிலிருந்துதான் வர வேண்டும்.

முன்கூட்டியே கேட்பது எவ்வளவு பெரியது என்பதைத் தமிழகம் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் கற்றது. குமரிக் கரையின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வி.எச்.எஃப். எட்டாத தூரத்தில் இருந்தார்கள், எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. செயற்கைக்கோள் வழித் தொடர்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின் வலுத்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், கடற்கரை மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவி பொருத்த 364 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. படகு ஒன்றுக்குச் சராசரி 36,400 ரூபாய். நல்ல திட்டம், காலம் தாழ்ந்து வந்தாலும் வரவேற்க வேண்டியது. அத்தனை விலையுள்ள கருவியைச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, வெள்ளீயம் பூசாத கம்பியிலும் முறுக்கிச் சுற்றிய டேப்பிலும் தொங்கவிட்டால் அந்தப் பணம் முழுவதும் அந்த டேப்பை நம்பித்தான் இருக்கும். தடித்த கம்பி ஏழை மீனவருக்குக் கட்டுமா என்று கேட்பவர்களுக்கு இயற்பியல் ஒரு சலுகை தருகிறது. இழப்பு தடிமனை மட்டுமல்ல, நீளத்தையும் பொறுத்தது. ஃபைபர் படகில் பேட்டரியைக் கருவிக்கு 2 மீட்டருக்குள் வைத்துவிட்டால் இரண்டரை ஸ்கொயர் கம்பியே போதும், 5 ஆம்பியரில் இழப்பு 0.14 வோல்ட்தான். நல்ல கம்பி, லக், குழாய், பேட்டரியருகே ஒரு ஃபியூஸ் என்று மொத்தமும் கருவி விலையில் ஒரு சிறு பங்கு. குறைவது பணத்தைவிட, இதைச் செய்யத் தெரிந்த கைகள்.

அந்தக் கைகள் கடற்கரையில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. டிராக்டரின் 12 வோல்ட்டைத் தொட்டுப் பழகிய மணலூர்பேட்டை மெக்கானிக்குக்கும், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஐ.டி.ஐ. மாணவருக்கும் இது சில வாரப் பயிற்சியில் கைவரும் தொழில். கருவி வழங்கும் திட்டங்களில் கம்பியிடலையும் அதற்கான பயிற்சியையும் ஒரு தனிச் செலவாகச் சேர்க்க வேண்டும். கருவியைப் பொருத்தியவர் சுமையோடு அளந்த வோல்ட்டை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். படகு வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலை விட்டு யாரும் பேசாத வேறொரு சேனலுக்கு மாறி, முழு வாட்டில் மைக்கைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் பேட்டரி முனையிலும் செட்டின் பின்முனையிலும் மல்டிமீட்டரால் அளக்கட்டும். இரண்டுக்கும் இடையே 0.4 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், செட்டை மாற்ற வேண்டாம், கம்பியை மாற்றுங்கள்.